கம்ப்யூட்டர் கொர்ர்ங்குதா? என்ன சத்தம்னு அப்புறம் பாக்கலாம், எப்போ வருதுன்னு மொதல்ல பாருங்க

போன மாசம் திருப்பூர்ல இருக்கிற எங்க பெரியம்மா பையன் வாட்ஸப்ல ஒரு வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாரு. "தம்பி, ஆபீஸ் கம்ப்யூட்டர் கொர்ர்ருங்குதுடா, வெடிச்சு கிடிச்சு தொலையப் போகுது, ஆஃப் பண்ணிரட்டுமா"ன்னு. பின்னாடி நிஜமாவே கொர்ர்ர்னு ஒரு சத்தம், அதுக்கு மேல சீலிங் ஃபேன் சத்தம், அதுக்கும் மேல பக்கத்து ரூம்ல ஓவர்லாக் மெஷின் ஓடுற சத்தம். இதுல நான் எத கேக்குறது. "எப்போண்ணா வருது"ன்னு கேட்டேன். "எப்பவும்தாண்டா வருது"ன்னாரு.

இந்த "எப்பவும்"ங்கிற பதில மட்டும் நம்பவே கூடாது. பத்து வருஷமா சொந்தக்காரங்க, ஃப்ரெண்டுங்க, ஃப்ரெண்டோட மாமனாருன்னு வரிசையா எல்லாரோட சிபியூவையும் ஓசில பிரிச்சு மாட்டிக்கிட்டிருக்கேன், எப்பவும் வருதுன்னு சொன்ன சத்தத்துல பாதி எப்பவும் வந்ததே இல்ல. ஆன் பண்ண மொத அஞ்சு நிமிஷம் வரும், இல்ல கேம் போட்டா வரும், இல்ல மத்தியானம் வெயில் ஏறுனா வரும், இல்ல பெரிய ஃபைல் காப்பி பண்ணா வரும். மனுஷங்க சத்தத்த தான் ஞாபகம் வெச்சுக்கிறாங்க, நேரத்த ஞாபகம் வெச்சுக்கிறதில்ல. ஆனா கம்ப்யூட்டர் விஷயத்துல நேரம் தான் பாதி ரிப்பேர சொல்லிரும், அதத்தான் இங்க சொல்லப் போறேன்.

ஒரு அடிப்படை விஷயம், இது புரிஞ்சுட்டா மிச்சம் ஈஸி. ஒரு பொருள் ஆடுனா தான் சத்தம் வரும். சிபியூக்குள்ள இருக்கிற முக்காவாசி சாமான் ஆடாது அசையாது. ராம் சத்தம் போடாது, ப்ராசஸர் சத்தம் போடாது, எஸ்எஸ்டி, அதாவது சுத்துற தட்டு இல்லாத சிப் டிஸ்க், அதுவும் போடாது. சுத்துறது மொத்தமே ரெண்டு மூணு ஐட்டம் தான்: ஃபேனுங்க, ஹார்ட் டிஸ்க், டிவிடி டிரைவ் இருந்தா அது. தண்ணி ஓட விட்டு கூல் பண்ற செட்டப் வெச்சிருக்கிற பசங்களுக்கு ஒரு குட்டி பம்பும் உண்டு. இது போக, சுத்தாது ஆனா கரண்ட் ஓடும்போது லேசா அதிரும்னு சில காயில்கள் போர்டுல இருக்கு, அத கடைசில பாப்போம். அதனால "எங்கிருந்து வருதுன்னே தெரியல"ன்னு பயப்பட வேண்டியதில்ல, சந்தேகப்பட வேண்டிய ஆளுங்க ஒரு கைவிரலுக்குள்ள அடங்கிருவாங்க.

ஆனா அதுக்கும் முன்னாடி ஒரு கேள்வி, சத்தம் கம்ப்யூட்டர்ல இருந்து தான் வருதா? சிரிக்காதீங்க. எங்க வீட்டு மாடில குடியிருந்த ஒரு சார், ரிட்டயர்டு வாத்தியார், ராத்திரி ஆனா கம்ப்யூட்டர் டக்... டக்டக்... டக்னு அடிச்சுக்குது, ஹார்ட் டிஸ்க் போகப் போகுதுன்னு கடைக்காரர் சொல்லிட்டாரு, புதுசு வாங்க காசு எடுத்து வெச்சிருக்கேன்னாரு. நான் போய் உக்காந்தேன், ஏழரை மணி வரைக்கும் ஒண்ணும் இல்ல, சாரோட காபி மட்டும் ரெண்டு தடவ வந்துச்சு. தெருவுல எல்லாரும் லைட்டு, மோட்டார்னு போட ஆரம்பிச்சதும் டக். டேபிள் மேல இருந்த சிபியூவ ஷட்டவுன் பண்ணி பிளக்கையே புடுங்கி கைல வெச்சுக்கிட்டேன். அப்பவும் டக்டக். டேபிளுக்கு கீழ கால் பக்கத்துல கிடந்த யூபிஎஸ்! சாயங்காலம் ஆனா அந்த ஏரியால வோல்டேஜ் ஏறி இறங்கும், யூபிஎஸ்க்குள்ள இருக்கிற ரிலேங்கிற குட்டி ஸ்விட்ச் வோல்டேஜ சரிபண்ண மாறி மாறி விழும், அந்த சத்தம். யூபிஎஸ் அதோட வேலைய ஒழுங்கா பாத்துக்கிட்டிருந்திருக்கு, பாவம் பழி ஹார்ட் டிஸ்க் மேல. நம்ம ஊர்ல நிறைய டெஸ்க்டாப் யூபிஎஸ்ல தான் ஓடுது, அதனால மொத வேல, கம்ப்யூட்டர ஆஃப் பண்ணிட்டு அஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்து கேளுங்க. யூபிஎஸ்ல இருந்து விட்டு விட்டு பீப் பீப்னு வந்தா கரண்ட் போயி பேட்டரில ஓடுதுன்னு அர்த்தம், கரண்ட் இருக்கும்போதே பீப் அடிச்சா பேட்டரி செத்துருக்கலாம், இல்ல யூபிஎஸ் தாங்க முடியாத லோட ஏத்தியிருக்கலாம்.

சரி, சத்தம் சிபியூல தான்னு உறுதி ஆயிருச்சு. இப்போ ஒரு பேப்பர் எடுத்து ஒரு நாள் முழுக்க குறிச்சு வைங்க, ஆன் பண்ண உடனேயா, கொஞ்ச நேரம் கழிச்சா, எந்த வேல பண்ணும்போது. கூடவே சத்தத்தையும் எழுதுங்க. இந்த விஷயத்துல தமிழ்ல யோசிக்கிறவங்களுக்கு ஒரு வசதி இருக்கு, ஸ்கூல்ல இரட்டைக்கிளவின்னு படிச்சு மார்க்குக்காக மனப்பாடம் பண்ணோமே அது இங்க தான் உபயோகம் ஆகுது. கரகர வேற, கடகட வேற, சலசல வேற, படபட வேற, ஒண்ணும் ஒண்ணும் வேற வேற ரிப்பேர். "ஒரு மாதிரி சத்தம் வருது"ன்னு சர்வீஸ்காரர்கிட்ட சொல்றதுக்கும் "காலைல போட்டதும் கரகரங்குது, பத்து நிமிஷத்துல நின்னுருது"ன்னு சொல்றதுக்கும் நூறு ரூபா வித்தியாசம் இல்ல, ஆயிரம் ரூபா வித்தியாசம்.

இடத்த கண்டுபிடிக்க பக்கவாட்டு மூடிய கழட்டணும். பெரும்பாலான கேஸ்ல பின்னாடி ரெண்டு ஸ்க்ரூ, முன்பக்கம் பாத்து நின்னா இடது பக்க மூடி. கழட்டறதுக்கு முன்னாடி ஷட்டவுன், பின்னாடி ஸ்விட்ச் ஆஃப், பிளக் வெளிய. கழட்டி முடிச்சு திரும்ப ஆன் பண்ணி கேக்கும்போது கைய உள்ள விடாதீங்க, செயின் பிரேஸ்லெட் இருந்தா கழட்டிருங்க, முடி நீளமா இருந்தா கட்டிக்கோங்க. பழைய கேலண்டர் ஷீட் ஒண்ண குழல் மாதிரி சுருட்டி ஒரு முனைய காதுல வெச்சு இன்னொரு முனைய ஒவ்வொரு ஃபேன் பக்கமா காட்டுங்க, உள்ள தொடாம ஒரு இஞ்சு தள்ளி. பைக் மெக்கானிக்குங்க நீள ஸ்க்ரூடிரைவரோட பிடிய காதுல வெச்சு இன்ஜின் சத்தம் கேப்பாங்கல்ல அதே டெக்னிக் தான், ஆனா ஓடுற போர்டு பக்கத்துல இரும்பு ஸ்க்ரூடிரைவர் நமக்கு வேண்டாம், ஒரு தடவ வழுக்குனா மதர்போர்டு காலி.

இன்னொன்னு, பவர் சப்ளை பெட்டிய மட்டும் பிரிக்காதீங்க, இதுல எனக்கு சமரசமே கிடையாது. நம்ம 230 வோல்ட் கரண்ட் அதுக்குள்ள போயி டிசியா மாறும்போது 325 வோல்ட் வரைக்கும் ஏறும், சில மாடல்ல 380, 400 வரைக்கும் கூட போகும், அந்த கரண்ட சேத்து வெச்சிருக்கிற பெரிய கெப்பாசிட்டர் பிளக்க புடுங்குன பிறகும் கொஞ்ச நேரம் அடிக்கும். அந்த பெட்டிக்குள்ள இருந்து சத்தம் வந்தா வெளில இருந்து தூசிய ஊதிப் பாருங்க, சரியாகலேன்னா பெட்டியோட மாத்துங்க.

இப்போ ஃபேனுக்கு வருவோம். நான் பாத்ததுல பத்துக்கு ஏழு எட்டு கேஸ் ஃபேன் தான். ஒரு சாதாரண டெஸ்க்டாப்ல ப்ராசஸர் மேல ஒண்ணு, கேஸ் பின்னாடி ஒண்ணு, பவர் சப்ளைக்குள்ள ஒண்ணு, கிராஃபிக்ஸ் கார்டு இருந்தா அதுல ஒண்ணுல இருந்து மூணு. டிக்டிக்டிக்டிக்னு ஒரே தாளத்துல, கடிகாரத்த ஃபாஸ்ட்டா ஓட்டுன மாதிரி வந்தா ஏதோ ஒண்ணு இறக்கைல படுது. பெரும்பாலும் ஒரு ஒயர். மூடிய யாரோ கழட்டி ராம் போட்டுட்டு ஒயர அப்படியே தொங்க விட்டு மூடியிருப்பாங்க. ஒரு ரூபா டேக் போட்டு கட்டுனா முடிஞ்சது கதை. ஒரு தடவ ஒயரே இல்ல, ஆனா டிக்டிக் வருது, டார்ச் அடிச்சு பாத்தா ஃபேன் ஃப்ரேமுக்கும் இறக்கைக்கும் நடுவுல காஞ்சு போன பல்லி வால் ஒண்ணு. பல்லிய காணோம், தப்பிச்சிருச்சு போல.

கரகர, கொர்ர்னு வந்தா அது பேரிங். ஃபேன் நடுவுல ஒரு சின்ன தண்டு, அது ஒரு குழாய்க்குள்ள எண்ணெய் படலத்துல மெதக்குற மாதிரி சுத்தும், விலை கம்மியான ஃபேன்ல எல்லாம் இந்த ஸ்லீவ் பேரிங் தான். வருஷம் ஆக ஆக சூட்டுல எண்ணெய் காஞ்சு போயிரும், தூசி கலந்து பிசினாயிரும். ராத்திரி முழுக்க சும்மா இருந்துட்டு காலைல சுத்த ஆரம்பிச்சதும் உலோகமும் உலோகமும் உரசி கத்தும், கொஞ்சம் சூடேறுனதும் மிச்சம் இருக்கிற எண்ணெய் இளகி பரவி சத்தம் அடங்கிரும். "அதுவா சரியாயிருச்சு"ன்னு நாம விட்டுருவோம். சரியாகல, அது நாள் எண்ணிக்கிட்டிருக்கு. மொதல்ல ரெண்டு நிமிஷம் கத்தும், அப்புறம் பத்து நிமிஷம், அப்புறம் நாள் முழுக்க, அப்புறம் ஒரு நாள் அமைதி. அந்த அமைதி தான் ஆபத்து, ஃபேன் நின்னு போயிருக்கும்.

எந்த ஃபேன்னு உறுதி பண்ண நல்ல வழி, ஆஃப் பண்ணிட்டு சந்தேகப்படுற கேஸ் ஃபேனோட ஒயர போர்டுல இருந்து உருவிட்டு ஆன் பண்ணி ஒரு நிமிஷம் கேக்குறது. சத்தம் போச்சுன்னா ஆள் மாட்டிக்கிச்சு. ப்ராசஸர் ஃபேன மட்டும் இப்படி உருவிட்டு ஓட்டாதீங்க, நிறைய போர்டு ஸ்டார்ட்டே ஆகாம எரர் காட்டும், ஸ்டார்ட் ஆனாலும் சூடு சர்ருனு ஏறும். அதுக்கு ஆஃப்ல இருக்கும்போது விரலால மெதுவா சுத்தி விட்டு பாருங்க, நல்ல ஃபேன் சும்மா வழுக்கிக்கிட்டு நாலஞ்சு சுத்து சுத்தி நிக்கும், கெட்டது ஒரே சுத்துல கரக்னு நிக்கும், நடுக்குமிழ புடிச்சு மேலும் கீழும் ஆட்டுனா லொடலொடன்னு ஆடும்.

எண்ணெய் விடலாமான்னு எல்லாரும் கேப்பாங்க. விடலாம், நடுவுல இருக்கிற ஸ்டிக்கர உரிச்சு உள்ள ஒரு சொட்டு, தையல் மெஷின் எண்ணெய். ஒரு சொட்டு தான். சில மாடல்ல ஸ்டிக்கருக்கு கீழ ஓட்டையே இருக்காது, அத நோண்டாம விட்டுருங்க. தயவு செஞ்சு தேங்கா எண்ணெய் விடாதீங்க, விட்டவங்கள பாத்திருக்கேன், மார்கழி காலைல பாட்டில்ல உறையுற எண்ணெய் பேரிங்ல மட்டும் உறையாதா என்ன, நாளாக நாளாக பிசுபிசுன்னு ஆகி ஃபேன் இன்னும் சீக்கிரம் சாகும். துரு எடுக்கிற ஸ்ப்ரேவும் வேண்டாம், அது இருக்கிற எண்ணெயையும் கழுவிட்டு காத்துல போயிரும். என்னக் கேட்டா எண்ணெய் ஒரு ரெண்டு மூணு மாசத்து வைத்தியம், புது கேஸ் ஃபேன் சில நூறு ரூபாய்க்கு கிடைக்குது, மாத்திருங்க. வாங்கப் போறதுக்கு முன்னாடி பழச ஸ்கேல் வெச்சு அளந்துட்டு போங்க, 80 மில்லிமீட்டரா 120 மில்லிமீட்டரான்னு, ஒயர் முனைல ஓட்டை மூணா நாலான்னு. பெருசு வைக்க இடம் இருந்தா பெருசே வைங்க, அதே காத்த பெரிய இறக்கை மெதுவா சுத்தியே தள்ளிரும், ஃபேனோட வேகம் ரெண்டு மடங்கு ஆனா சத்தம் சுமார் 15 டெசிபல் ஏறும், அதனால மெதுவா சுத்துறது எப்பவும் லாபம்.

ஆனா ஒரு சத்தத்துக்கு ஃபேன திட்டக்கூடாது. உய்ய்ங்னு ஏரோபிளேன் கெளம்புற மாதிரி காத்து சத்தம், கேம் போட்டா இல்ல வீடியோ எடிட் பண்ணா ஏறும், நிறுத்துனா இறங்கும். இங்க ஃபேன் நல்லா தான் இருக்கு, உள்ள சூடா இருக்குன்னு கத்தி சொல்லுது. ஹெச்டபிள்யூமானிட்டர் மாதிரி ஒரு இலவச சாஃப்ட்வேர் போட்டு டெம்பரேச்சர் பாருங்க. சும்மா இருக்கும்போது 40, 50 டிகிரி, வேல செய்யும்போது 70, 80ன்னா பெருசா கவலையில்ல. ஒண்ணுமே பண்ணாம 75ல நிக்குது, ஒரு பிரவுசர தொறந்தா 95க்கு தாவுதுன்னா, தூசி அடைச்சிருக்கு, இல்ல ப்ராசஸருக்கும் அதோட சூட்ட இழுக்கிற உலோகக் கட்டையான ஹீட்சிங்க்குக்கும் நடுவுல தடவுற பேஸ்ட் காஞ்சு போச்சு, இல்ல ஹீட்சிங்க்கோட நாலு பிளாஸ்டிக் கால்ல ஒண்ணு கழண்டு நிக்குது. ஃபேன மாத்துனா இந்த சத்தம் போகாது, புது ஃபேனும் அதே மாதிரி கத்தும். கிராஃபிக்ஸ் கார்டுல இன்னொரு கூத்து, இப்ப வர்ற நிறைய கார்டுல சூடு கம்மியா இருந்தா ஃபேன் சுத்தவே சுத்தாது, ஒரு அளவு தாண்டுனா தான் திடீர்னு உஸ்ஸுனு கெளம்பும், அப்புறம் நிக்கும், மறுபடி கெளம்பும். ரிப்பேர் இல்ல, டிசைனே அப்படி.

தூசி எடுக்கும்போது புளோயர் வெச்சு ஊதுறீங்கன்னா ஃபேன் இறக்கைய ஒரு விரலால புடிச்சுக்கோங்க. காத்து வேகத்துல அது தாறுமாறா சுத்துறத பாக்க ஜாலியா இருக்கும், பேரிங்குக்கு ஜாலி இல்ல.

இனி ஹார்ட் டிஸ்க். மத்த எல்லா சத்தத்தையும் நாளைக்கு பாத்துக்கலாம்னு தள்ளிப் போடலாம், இத மட்டும் முடியாது. உள்ள கண்ணாடி மாதிரி பளபளன்னு தட்டு, டெஸ்க்டாப் டிஸ்க் நிறைய நிமிஷத்துக்கு 7200 சுத்து, அதாவது ஒரு நொடிக்கு 120 தடவ. தட்டுக்கு மேல ஒரு ஊசி முனை கை, தட்ட தொடாம, தலைமுடி கனத்துல ஆயிரத்துல ஒரு பங்கு கூட இல்லாத இடைவெளில பறந்துக்கிட்டே படிக்கும். நல்ல டிஸ்க்கும் சத்தம் போடும், லேசா ஒரு ஹம், ஃபைல் தேடும்போது கொறுகொறுன்னு எலி முறுக்கு கடிக்கிற சத்தம். அது வேல செய்யுற சத்தம். சும்மா இருக்கும்போது எப்பவாச்சும் ஒரே ஒரு டக், அது கைய ஓரமா கொண்டு போயி நிறுத்துற சத்தம், அதுவும் ஓகே.

ஓகே இல்லாதது: டக்... டக்... டக்... டக்னு சம இடைவெளில, கூடவே கம்ப்யூட்டர் உறைஞ்சு நிக்கும், இல்ல டிரைவே காணாம போகும். அந்த கை, தான் எங்க இருக்கோம்னு தட்டுல எழுதியிருக்கிற அடையாளத்த தேடுது, கிடைக்கல, ஓரத்துக்கு திரும்பிப் போயி மறுபடி தேடுது, மறுபடி கிடைக்கல. கண்ணு தெரியாதவங்க கதவத் தேடி சுவத்துல தட்டுற மாதிரி. இதுக்கு க்ளிக் ஆஃப் டெத்னே பேரு, 1990கள் கடைசில ஐயோமேகா கம்பெனியோட ஜிப் டிரைவ்கள் (பெரிய ஃப்ளாப்பி மாதிரி டிஸ்க் போடுற டிரைவ்) இப்படி சாக ஆரம்பிச்சப்போ பிரபலமான பேரு, அமெரிக்கால 1998ல கேஸ் வரைக்கும் போச்சு. இந்த சத்தம் கேட்டா ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. உள்ள முக்கியமான ஃபைல் இருந்து, டிரைவ் இன்னும் தெரியுதுன்னா, வேற எதையும் பண்ணாம முக்கியமானத மட்டும் மொதல்ல வெளிய காப்பி எடுங்க. தெரியலேன்னா ஆஃப் பண்ணிட்டு டேட்டா ரிகவரி பண்றவங்ககிட்ட போங்க. எனக்கு தெரிஞ்ச ஒரு கல்யாண போட்டோகிராஃபர், "பாத்துக்கலாம், ரீஸ்டார்ட் பண்ணா சரியாகுது"ன்னு ஒரு வாரம் அதையே போட்டு போட்டு ஓட்டுனாரு. எட்டாவது நாள் கர்ர்ர்ர்னு கத்தி வெச்சு தகரத்த சுரண்டுற சத்தம். கை தட்டுல உரசி மேல பூசியிருக்கிற காந்தப் பூச்ச வழிச்சு எடுத்துருச்சு, அதுக்கு மேல யாராலயும் எதுவும் பண்ண முடியல. மூணு கல்யாணம். அதுல ரெண்டு பேருக்கு ஆல்பம் இன்னும் குடுக்கல. அவரு அந்த டிஸ்க்க இன்னமும் மேஜை டிராயர்ல வெச்சிருக்காரு.

ஃப்ரிட்ஜ்ல வெச்சா சரியாகும், லேசா தட்டுனா சரியாகும்னு யாராவது சொன்னா அவங்க டிஸ்க்குல பண்ணிக்க சொல்லுங்க. நடுவுல ஒரு சின்ன நிம்மதி, பவர் ஒயர் லூசா இருந்தாலோ பவர் சப்ளை பலவீனமா இருந்தாலோ கூட டிஸ்க் போதுமான கரண்ட் இல்லாம இப்படி டக் டக்குனு ஸ்டார்ட் ஆகி நின்னு ஸ்டார்ட் ஆகும், அதனால ஆஃப் பண்ணி ஒயர ஒருதடவ உருவி அழுத்தி மாட்டிப் பாருங்க. சத்தமே வராதப்பவும் டிஸ்க்கோட ஜாதகம் பாக்கலாம், கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர், தொறந்ததும் நீலத்துல குட்னு இருந்தா சரி, மஞ்சள்ல காஷன்னு இருந்தா இன்னைக்கே பேக்கப், சிவப்புன்னா இப்பவே.

டிஸ்க்கு நல்லா இருக்கு, ஃபேனும் நல்லா இருக்கு, ஆனா ம்ம்ம்ம்னு ஒரு அதிர்வு டேபிள் முழுக்க வருதா? ஓடும்போதே கேஸோட மூடி மேல உள்ளங்கைய வெச்சு அழுத்துங்க. நின்னுச்சுன்னா தகரம் தான் அதிருது, டிஸ்க்கோட ஸ்க்ரூ நாலுல ரெண்டு தான் போட்டிருப்பாங்க, மூடி ஸ்க்ரூ லூசா இருக்கும். டிவிடி டிரைவ் இருக்கிறவங்களுக்கு, ஆன் பண்ணதும் உய்ய்னு ஒரு சத்தம் வந்து அடங்குனா உள்ள ஏதோ பழைய டிஸ்க் கிடக்குது, தொறந்து எடுங்க. தண்ணி கூலிங்ல சலசலன்னு ஓடை சத்தம் கேட்டா பம்புக்குள்ள காத்துக்குமிழி, ரேடியேட்டர் பம்ப விட உயரத்துல இருக்கான்னு பாருங்க, பம்ப் மேலயும் ரேடியேட்டர் கீழயும் இருந்தா காத்து போயி பம்புல தான் உக்காரும்.

போர்டுல இருந்து பீப் வந்தா அது சத்தம் இல்ல, பேச்சு. ஸ்க்ரீன் வர்றதுக்கு முன்னாடி கம்ப்யூட்டருக்கு இருக்கிற ஒரே வாய் அந்த குட்டி ஸ்பீக்கர் தான். எத்தன பீப், நீளமா குட்டையான்னு எண்ணி மதர்போர்டு மேனுவல்ல பாக்கணும், கம்பெனிக்கு கம்பெனி மாறும், ஒரு நீளம் ரெண்டு குட்டைன்னா பழைய அவார்டு பயோஸ்ல (பயோஸ்னா ஆன் பண்ணதும் மொதல்ல ஓடுற ப்ரோக்ராம், அவார்டு அத எழுதுன கம்பெனி) டிஸ்ப்ளே பிரச்சனை. நம்ம ஊர்ல விடாம பீப் அடிச்சா தொண்ணூறு சதவீதம் ராம் தான்னு சர்வீஸ்காரங்க கண்ண மூடிக்கிட்டு ராம கழட்டி, தங்கக் கலர் காலுங்கள பென்சில் ரப்பரால தேய்ச்சு, துடைச்சு மாட்டுவாங்க. அது பாதி நேரம் வேலையும் செய்யுது, ரப்பர் தூள் ஸ்லாட்டுக்குள்ள விழாம மட்டும் பாத்துக்கோங்க.

இப்போ அந்த காயில் விஷயம். ஃப்ரெண்ட் ஒருத்தரோட பையன் காலேஜ் படிக்கிறான், புதுசா கிராஃபிக்ஸ் கார்டு வாங்கி போட்டதுல இருந்து "கீய்ய்ங்னு கொசு மாதிரி ஒரு சத்தம் வருது அங்கிள்"ங்கிறான். அப்பா பக்கத்துலயே நின்னுக்கிட்டு "ஒண்ணும் வரல, சும்மா புதுசு கேக்குறதுக்கு நடிக்கிறான்"ங்கிறாரு. ரெண்டு பேரும் உண்மை தான் சொல்றாங்க. கார்டுல கரண்ட சீராக்குறதுக்கு இருக்கிற காயில், கரண்ட் வேகமா ஏறி இறங்கும்போது நூலளவு அதிரும், அந்த அதிர்வு நம்ம காதுக்கு எட்டுற அளவுல விழுந்தா மெல்லிசா விசில் மாதிரி கேக்கும். வயசு ஏற ஏற கீச்சுன்னு இருக்கிற உயர்ந்த சத்தம் தான் காதுக்கு மொதல்ல போகும், அப்பாவுக்கு நாப்பத்தெட்டு, பையனுக்கு பத்தொம்பது. கேமோட மெனு ஸ்க்ரீன்ல இது இன்னும் ஜாஸ்தியா வரும், ஏன்னா அங்க வரையறதுக்கு ஒண்ணும் இல்லாததால கார்டு நொடிக்கு ஆயிரக்கணக்குல ஃப்ரேம், அதாவது படம், தள்ளிக்கிட்டிருக்கும். செட்டிங்ல விசிங்க்குனு ஒண்ணு இருக்கும், அத ஆன் பண்ணி ஃப்ரேம மானிட்டர் வேகத்துக்கு கட்டிப் போட்டோம், முக்காவாசி அடங்கிருச்சு. இதனால கார்டு கெட்டுப் போகாது. காதுக்கு தான் எரிச்சல்.

அண்ணன் கதைய பாதில விட்டுட்டேன். "எப்பவும் வருது"ன்னாரு இல்ல, நான் பதில் சொல்லாம அவரு அனுப்புன வாய்ஸ் நோட்டுகள மேல தள்ளிப் பாத்தேன். மொத்தம் நாலு. நாலும் வேற வேற நாளு, ஆனா நேரம் 9.04, 9.10, 9.06, 9.05. கம்பெனி தொறந்து சாமி படத்துக்கு பூ வெச்சு சிஸ்டத்த ஆன் பண்ற நேரம். மத்தியானம் ஒண்ணு கூட வரல. "அண்ணா, பதினோரு மணிக்கு ஒருதடவ கேட்டு சொல்லுங்க"ன்னேன். பதினொன்னே கால் வரைக்கும் மெசேஜ் இல்ல, அப்புறம் "இப்ப காணோம்டா"ன்னு ஒரு வரி.

ஞாயித்துக்கிழம போனேன். மூடிய கழட்டுனா சிபியூ மாதிரியே இல்ல, தலகாணி மாதிரி இருந்துச்சு. பனியன் துணி ஓட்டுற எடம், பஞ்சு காத்துல பறந்துக்கிட்டே இருக்கும், பின்னாடி ஃபேன் இறக்கைல பஞ்சு உருண்டை உருண்டையா ஒட்டி, தண்ட சுத்தி கயிறு திரிச்ச மாதிரி சுத்தியிருக்கு. ஒரு பக்கம் கனம் ஏறுனா ஃபேன் ஆடும், ஆடுனா பேரிங் தேயும், தேய்ஞ்சு போச்சு. ட்வீசர்ல புடிச்சு இழுத்தா ஒரு முழ நீளத்துக்கு வருது, அண்ணி பாத்துட்டு "விளக்குக்கு திரி போடலாம் போலிருக்கே"ன்னாங்க. புது 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒண்ணு போட்டு, ப்ராசஸர் ஹீட்சிங்க்குல இருந்த பஞ்சையும் எடுத்துட்டு, சிபியூவ தரைல இருந்து டேபிள் மேல ஏத்தி வெச்சுட்டு வந்தேன்.

மறுநாள் காலைல 9.07க்கு வாய்ஸ் நோட். "கொர்ர் போயிருச்சுடா தம்பி, ஆனா இப்ப நொய்ய்ங்னு புதுசா ஒண்ணு கேக்குது, நீ என்ன பண்ணி வெச்ச?"

நான் ஒண்ணும் பண்ணல. அது யூபிஎஸ்க்குள்ள இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர், 50 ஹெர்ட்ஸ் கரண்டுக்கு ஒரு நொடில 100 தடவ அதிரும், வாங்குன நாள்ல இருந்து அந்த நொய்ங் இருந்துக்கிட்டு தான் இருந்திருக்கு, கொர்ருக்கு அடில கேக்காம. அண்ணனுக்கு இத சொன்னா நம்ப மாட்டேங்கிறாரு, அடுத்த ஞாயித்துக்கிழம வரச் சொல்லியிருக்காரு.